நூலகர் நம்பாத அறிக்கை

(தரவுதளத்தை நம்பி இயங்கும் நிரல்களுக்குச் சோதனை எழுதப் பழகுவது பற்றி, கணினி பயிலும் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்து தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி நூலகத்துக்கு நாலைந்து அறிக்கைகள் எழுதிக் கொடுத்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம், தவறு என்னுடையது. அந்த அறிக்கைகளில் ஒன்று, இதுவரை ஒரு புத்தகம்கூட எடுத்துப் போகாத மாணவர்களின் பட்டியல். ஆறேழு மாதம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் நூலகர் அம்மா அழைத்தார்.

“தம்பி, எங்க காலேஜ்ல எல்லாப் பிள்ளைகளும் புத்தகம் எடுத்துட்டாங்கன்னு உங்க ரிப்போர்ட் சொல்லுது. பட்டியல் காலியா வருது. நான் முப்பது வருஷமா இங்க உட்கார்ந்திருக்கேன். நம்ப மாட்டேன்.”

நான் உடனே சோதனைகளை ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் பச்சை. “எங்க பக்கம் சரியாத்தான் இருக்கும்மா” என்று சொல்லியும் விட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

பச்சை எப்படி வந்தது என்று கேளுங்கள். அந்த அறிக்கைக்கு நான் எழுதியிருந்த யூனிட் டெஸ்ட் உண்மையான தரவுதளத்தைத் தொடவே இல்லை. அதன் இடத்தில் ஒரு போலியை, நாம் மாக் என்கிறோமே, அதை உட்கார்த்தியிருந்தேன். யார் என்ன குவெரி கேட்டாலும் மூன்று பெயர்களைத் திருப்பிக் கொடு என்று அதற்குச் சொல்லிவைத்திருந்தேன். பிறகு, மூன்று பெயர்கள் வருகின்றனவா என்று சோதித்தேன். வந்தன. வராமல் எங்கே போகும்? ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கி எண்ணிப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். குவெரியில் டேபிள் பெயரையே தப்பாக எழுதியிருந்தாலும் அந்தச் சோதனை பச்சையாகத்தான் இருந்திருக்கும்.

உண்மையில் நடந்தது என்ன? அந்த நூலகத்தில் கோஹா ஓடிக்கொண்டிருந்தது. கோஹா நியூசிலாந்தில் பிறந்த கட்டற்ற மென்பொருள். ஹோரோவெனுவா என்ற வட்டாரத்து நூலக அறக்கட்டளை, தன் பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்று அஞ்சி, கட்டிப்போ என்ற சிறு நிறுவனத்திடம் சொல்லி 1999இல் எழுத வைத்தது. 2000 ஜனவரியில் வேலைக்கு வந்தது. மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. நம் ஊர்க் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் இன்று அதுதான் இருக்கிறது.

கோஹாவில் வெளியே போயிருக்கும் புத்தகங்கள் ‘இஷ்யூஸ்’ என்ற டேபிளில் இருக்கும். புத்தகம் திரும்பி வந்ததும் அந்த வரிசை ‘ஓல்டு இஷ்யூஸ்’ என்ற இன்னொரு டேபிளுக்கு நகர்ந்துவிடும். இந்த இரண்டு டேபிள்களிலும் இல்லாத உறுப்பினர்களைக் கொடு என்று ‘நாட் இன்’ போட்டு என் குவெரியை எழுதியிருந்தேன். பார்வைக்கு அப்பழுக்கில்லாத குவெரி. ஆனால் ஒரு மாணவர் டி.சி. வாங்கிக்கொண்டு போகிறார், நூலகத்தில் அவர் பதிவை நீக்குகிறார்கள். அவர் எடுத்துத் திருப்பிய புத்தகங்களின் வரலாறு அழியாது. உறுப்பினர் எண் இருந்த இடம் மட்டும் ‘நல்’ ஆகிவிடும். (தமிழில் எழுதினால் நல் என்று வருகிறது. அதில் நல்லது எதுவும் இல்லை.)

இனி எஸ்க்யூஎல் யோசிக்கும் விதத்தைப் பாருங்கள். 7ஆம் எண் உறுப்பினர் அந்தப் பட்டியலில் இல்லையா என்று கேட்கிறோம். பட்டியலில் 3 இருக்கிறது, 5 இருக்கிறது, ‘நல்’, அதாவது ‘தெரியாது’ என்று ஒன்றும் இருக்கிறது. அந்தத் தெரியாதது 7ஆகவும் இருக்கலாம் அல்லவா? ஆகவே ‘இல்லை’ என்று உறுதியாகச் சொல்ல அதனால் முடியாது. உறுதி இல்லாத வரிசையை அது கொடுக்காது. 8க்கும் அதே பதில், 9க்கும் அதே பதில். ஒரே ஒரு மாணவர் கல்லூரியை விட்டுப் போனதில் மொத்தப் பட்டியலும் காலி. ‘நாட் இன்’ இருந்த இடத்தில் ‘நாட் எக்சிஸ்ட்ஸ்’ போட்டதும் சரியாகிவிட்டது. திருத்த ஐந்து நிமிடம், கண்டுபிடிக்க ஒன்றரை நாள்.

அந்த ஒன்றரை நாளில் எனக்குக் கிடைத்தது ஒரு கேள்வி. இன்று நான் பேசப்போவது முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான். சோதனை எழுத உட்காரும்போது, “இங்கே முடிவெடுப்பது யார்?” என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த அறிக்கையில் யார் பட்டியலில் வருவார், யார் வரமாட்டார் என்பதை முடிவு செய்தது தரவுதளம். என் நிரல் அதன் கையிலிருந்து வாங்கித் திரையில் காட்டும் எடுபிடி. நான் முடிவெடுப்பவரை வெளியே அனுப்பிவிட்டு எடுபிடியைச் சோதித்திருக்கிறேன்.

இந்த இடத்தில் படித்தவர்கள் சிலர் கையைத் தூக்குவார்கள். யூனிட் டெஸ்ட் என்றால் தரவுதளத்தைத் தொடக்கூடாது என்றுதானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பார்கள். அந்த விதியைப் பரப்பியவர் மைக்கேல் ஃபெதர்ஸ். சோதனையே இல்லாத பழைய நிரல்களோடு மல்லுக்கட்டுவது எப்படி என்று 2004இல் புத்தகம் எழுதியவர். அடுத்த ஆண்டு ஒரு சிறு பட்டியல் போட்டார். தரவுதளத்தோடு பேசினால், நெட்வொர்க்கைத் தாண்டினால், கோப்புகளைத் தொட்டால் அது யூனிட் டெஸ்ட் ஆகாது என்று. பலர் அதோடு படிப்பதை நிறுத்திவிட்டார்கள். அப்படிப்பட்ட சோதனைகள் கெட்டவை இல்லை, எழுத வேண்டியவைதாம், வேகமாக ஓடுபவற்றிலிருந்து அவற்றைப் பிரித்து வையுங்கள் என்பதும் அதே இடத்தில் இருக்கிறது. பிரித்து வை என்று சொன்னதை எழுதாதே என்று புரிந்துகொண்டோம். மாக் எழுதும் கருவிகள் வேறு சுலபமாகக் கிடைத்தன. விளைவுதான் என் மூன்று பெயர்கள்.

கோஹாவை எழுதுபவர்கள் இந்தப் பிரிவினையை அப்படியே அடைவுகளில் செய்து வைத்திருக்கிறார்கள். சோதனைகள் இருக்கும் அடைவின் பெயர் ‘டி’. அதற்குள்ளே ‘டிபி டிபென்டன்ட்’ என்று இன்னொரு அடைவு. தரவுதளம் இல்லாமல் ஓடுபவை வெளியே, தரவுதளம் வேண்டுபவை உள்ளே. அதன் மூலநிரல் இணையத்தில் திறந்து கிடக்கிறது. பெர்ல் மொழி தெரியாவிட்டாலும் போய் எட்டிப்பாருங்கள். பாடப்புத்தகத்தைவிட அதில் அதிகம் கிடைக்கும் என்பது என் கருத்து.

சரி, நிரல் முடிவெடுக்கும் இடத்துக்கு வருவோம். நூலகத்தில் அபராதம் இருக்கிறதே, அது அத்தகைய இடம். பழகுபவர்கள் இங்கிருந்து தொடங்குவது நல்லது.

பெரும்பாலும் அபராத நிரலை எப்படி எழுதுகிறோம்? ஒரே ஃபங்ஷன். தரவுதளத்திலிருந்து கெடு தேதியை எடுக்கும், கணினிக் கடிகாரத்தில் இன்றைய தேதியைப் பார்க்கும், விடுமுறை டேபிளைப் படிக்கும், கணக்குப் போடும், தொகையை இன்னொரு டேபிளில் எழுதும். இதற்குச் சோதனை எழுதப் போனால் தலை சுற்றும். நான்கு மாக் வேண்டும். இந்தத் தலைசுற்றலை மதியுங்கள். சோதனை எழுதக் கடினமாக இருக்கிறதென்றால் பெரும்பாலும் நிரலின் அமைப்பில்தான் ஏதோ கோளாறு.

கணக்கை மட்டும் உருவி வெளியே எடுங்கள். கெடு தேதி, திருப்பிய தேதி, விடுமுறை நாட்கள், ஒரு நாள் கட்டணம் என்ற நான்கையும் கையில் கொடுத்தால் தொகையைச் சொல்லும் சின்ன ஃபங்ஷன். அதற்குத் தரவுதளம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. இப்போது பென்சிலால் கணக்குப் போட்டு அதோடு ஒப்பிடலாம். கெடு 2024 ஜனவரி 12, வெள்ளிக்கிழமை. மாணவர் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு 18ஆம் தேதி வியாழக்கிழமை கொண்டுவருகிறார். நாட்காட்டிப்படி ஆறு நாள் தாமதம். 14 ஞாயிறு, 15 பொங்கல், 16 திருவள்ளுவர் தினம், 17 உழவர் திருநாள். நான்கும் போனால் சனிக்கிழமையும் வியாழக்கிழமையும் மிச்சம். நாளுக்கு ஒரு ரூபாய் என்றால் இரண்டு ரூபாய். இதுதான் சோதனை. அடுத்ததாக, கெடு நாளிலேயே திருப்பினால் பூஜ்ஜியம். அடுத்ததாக, கெடு நாளே விடுமுறையாக இருந்தால்? இதற்கு விடை எனக்குத் தெரியவில்லை. நூலகர் அம்மாவிடம் கேட்டேன். “அது எப்படிப்பா கேட்காம விட்டோம்” என்று அவரும் யோசித்தார். தேவையைப் பற்றிய இந்தக் கேள்வி, நிரல் எழுதியபோது எனக்கு வரவில்லை. சோதனை எழுதும்போதுதான் வந்தது.

கடிகாரத்தையும் வெளியே எடுங்கள். காரணம் சொல்கிறேன். நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. சர்வர் பொது நேரத்தில் ஓடினால், நமக்கு நள்ளிரவு 12 மணி முதல் காலை 5.30 வரை அதற்கு இன்னும் நேற்று. பகலில் யார் ஓட்டினாலும் பச்சை. இரவில் தானாக ஓடும்போது மட்டும் சிவப்பு. காலையில் வந்து மறுபடி ஓட்டினால் பச்சை. பேய் பிடித்த சோதனை என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வார்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் அந்தச் சோதனைக்கு வேப்பிலை அடிப்பதுபோல் ‘இரண்டாம் முறை ஓட்டு’ என்று ஒரு விதியே போட்டு வைத்திருந்தார்கள். தேதியைச் சோதனையே கையில் கொடுத்திருந்தால் பேயும் இல்லை, வேப்பிலையும் இல்லை.

இனி உண்மையான தரவுதளத்தோடு பேசும் சோதனைகள். இங்கே பழகுபவர்களை மிரட்டுவது குப்பை. ஒரு சோதனை மூன்று உறுப்பினர்களைச் சேர்க்கிறது, அடுத்த சோதனை எண்ணிப் பார்த்து மூன்று அதிகம் என்று விழுகிறது. இதற்கு வழி எளிது. சோதனை தொடங்கும்போது ஒரு டிரான்சாக்‌ஷனைத் திற. உள்ளே என்ன வேண்டுமானாலும் எழுது, திருத்து, அழி. முடிந்ததும் கமிட் செய்யாமல் ரோல்பேக் செய்துவிடு. தரவுதளம் பழையபடி ஆகிவிடும். கோஹாவின் சோதனைகள் இப்படித்தான் தொடங்கி இப்படித்தான் முடிகின்றன. பைத்தானில் ஜாங்கோ வைத்திருப்பவர்களுக்கு அதன் ‘டெஸ்ட்கேஸ்’ இந்த வேலையைத் தானாகவே செய்கிறது.

இரண்டு மூன்று கண்ணிகள் மட்டும் உண்டு. வரிசைகள் மறைந்தாலும் தானாக ஏறும் எண் பின்னால் வராது. முதல் உறுப்பினரின் எண் 1 என்று சோதனையில் எழுதினால் முதல்முறை பச்சை, இரண்டாம்முறை சிவப்பு. மைஎஸ்க்யூஎல்லில் இன்னொன்று. நடுவில் யாராவது ஒரு டேபிளை உருவாக்கினாலோ திருத்தினாலோ, கேட்காமலேயே அதுவரை எழுதியதைக் கமிட் செய்துவிடும். அப்புறம் ரோல்பேக் செய்வதற்கு எதுவும் இருக்காது. போஸ்ட்கிரெஸ் அப்படிச் செய்வதில்லை. மூன்றாவது, சொல்லவே வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்: சோதனைக்குத் தனித் தரவுதளம் வைத்துக்கொள்ளுங்கள். நிஜத் தரவு இருக்கும் இடத்தில் ரோல்பேக் காப்பாற்றும் என்று யாரும் விளையாட வேண்டாம்.

சோதனைக்கு வேண்டிய தரவை அந்தச் சோதனையே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அலுவலகங்களில் ‘மாதிரித் தரவு’ என்று ஒரு பெரிய கோப்பு இருக்கும். யாரோ என்றைக்கோ சேர்த்த 200 உறுப்பினர்கள். 43ஆம் எண் உறுப்பினரை ஏன் சோதனை எதிர்பார்க்கிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அவரை நீக்கவும் பயம். கோஹாவில் ‘டெஸ்ட் பில்டர்’ என்று ஒன்று இருக்கிறது. ஒரு உறுப்பினர் வேண்டும் என்று கேட்டால், அவருக்குத் தேவையான கிளை, உறுப்பினர் வகை எல்லாவற்றையும் அதுவே தாறுமாறான மதிப்புகளோடு உண்டாக்கிக் கொடுக்கும். நமக்கு முக்கியமான புலத்தை மட்டும் நாம் சொன்னால் போதும். என் பழைய அறிக்கைக்கு இப்போது இருக்கும் சோதனையும் அப்படித்தான். மூன்று உறுப்பினர்களை உண்டாக்குகிறது. ஒருவர் புத்தகம் எடுத்தவர், ஒருவர் எடுக்காதவர், மூன்றாமவர் எடுத்துத் திருப்பிவிட்டுப் பதிவு நீக்கப்பட்டவர். அவரைத்தான் நான் முன்பு நினைக்கவே இல்லை. பட்டியலில் எடுக்காதவர் இருக்க வேண்டும், எடுத்தவர் இருக்கக்கூடாது.

வேகம் வேண்டும் என்பதற்காகச் சிலர் ஒரு குறுக்கு வழி பிடிக்கிறார்கள். நிஜத்தில் மைஎஸ்க்யூஎல் அல்லது போஸ்ட்கிரெஸ் ஓடும், சோதனையில் மட்டும் நினைவகத்தில் ஓடும் எஸ்க்யூலைட். எஸ்க்யூலைட்டை நான் குறை சொல்லவில்லை. சோதனை என்றால் என்ன என்று அவர்களிடம்தான் கற்க வேண்டும். ரிச்சர்ட் ஹிப் 2000இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், மூலநிரலைப் போல சுமார் 590 மடங்கு சோதனை நிரல் இருப்பதாக அவர்களே கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அது வேறு ஆள். முடிவெடுப்பவரை மாற்றினால் முடிவும் மாறும்.

நம் மொழியிலிருந்தே ஒரு உதாரணம். நூலக அட்டையில் அச்சிடும் சுருக்கப் பெயருக்கு 10 எழுத்து என்று புலம் வைத்திருக்கிறோம். ‘கோவிந்தசாமி’ வருகிறார். நாம் எண்ணினால் ஆறு எழுத்து. யூனிகோடு எண்ணினால் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி, ஆக 11. போஸ்ட்கிரெஸ் நீளம் மிஞ்சியது என்று மறுக்கும். பழைய மைஎஸ்க்யூஎல் ஓர் எச்சரிக்கையோடு வெட்டிப் போட்டுக்கொள்ளும், கடைசி இகரக் குறி போய் அவர் ‘கோவிந்தசாம’ ஆகிவிடுவார். 2015இல் வந்த 5.7 பதிப்பிலிருந்துதான் கறார்த்தனம் இயல்பானது. எஸ்க்யூலைட்டோ 10 என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, கண்டுகொள்ளாமல் முழுப் பெயரையும் வைத்துக்கொள்ளும். ஒரே நிரல், மூன்று நடத்தை. எஸ்க்யூலைட்டில் பச்சை பார்த்துவிட்டு நிஜத்துக்குப் போனால் கோவிந்தசாமிக்கு அட்டை கிடைக்காது.

இன்னும் நுட்பமானது ஒன்று. அவர் பெயரின் முதலெழுத்தில் இருக்கும் ஓகாரத்தை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைச் சுழிக் கொம்பு ஒன்றும் கால் ஒன்றுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். போஸ்ட்கிரெஸ் இயல்பான அமைப்பில் பைட்டுகளைத்தான் ஒப்பிடும். அதற்கு இவர்கள் இரண்டு வேறு ஆட்கள். தனித்துவக் கட்டுப்பாடு போட்டிருந்தாலும் இரண்டு கோவிந்தசாமிகளும் உள்ளே வருவார்கள். ஒருவர் பெயரில் புத்தகம், இன்னொருவர் பெயரில் அபராதம். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதனை எழுதினால் இது ஒருநாளும் பிடிபடாது. தமிழ்ப் பெயர்களைத் தொடும் நிரல் எழுதுபவர்கள் இந்த ஒரு சோதனையையாவது எழுதுங்கள். பெயரை உள்ளே விடும் முன் குறியீடுகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதை நிரலே செய்ய வேண்டும். ஆக இங்கே முடிவை நிரலின் கைக்கு மாற்றுகிறோம். மாற்றியதும் தரவுதளம் இல்லாமலேயே சோதிக்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் பிடிபடாதவை உண்டு. கோஹாவுக்கே நேர்ந்த ஒன்று. திரும்பிய புத்தகத்தின் வரிசை பழைய டேபிளுக்கு நகர்கிறது என்றேன் அல்லவா, அதன் எண்ணும் கூடவே நகர்கிறது. 8.0க்கு முந்தைய மைஎஸ்க்யூஎல், அடுத்த எண் என்ன என்பதை நினைவகத்தில் மட்டும் வைத்திருந்தது. சர்வரை நிறுத்தித் தொடங்கினால், அந்த டேபிளில் அப்போது இருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து அதற்கு அடுத்ததைத் தொடங்கும். 1000ஆம் எண் திரும்பி வந்து நகர்ந்துவிட்டது, மிச்சமிருப்பதில் பெரியது 990. இரவு மின்சாரம் போகிறது. காலையில் 991இலிருந்து மறுபடி எண்கள் புறப்படும். கொஞ்ச நாளில் இரண்டாவது 1000 பிறக்கும். அந்தப் புத்தகம் திரும்பி வரும்போது பழைய டேபிளில் ஏற்கெனவே ஒரு 1000 உட்கார்ந்திருக்கும். மோதல். எந்தச் சோதனையில் நாம் சர்வரை நிறுத்தித் தொடங்கியிருப்போம்? இதற்குக் கோஹாக்காரர்கள், சர்வர் தொடங்கும்போதே எண்ணைச் சரிசெய்யும் அமைப்பு ஒன்றைப் பரிந்துரைத்தார்கள். 2018இல் வந்த 8.0 அந்த எண்ணை வட்டில் எழுதிவைக்கத் தொடங்கியது.

எப்படிப் பழகுவது என்று சொல்லி முடிக்கிறேன். சோதனை எழுதி முடித்ததும் நிரலை வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். குவெரியில் ஒரு நிபந்தனையை நீக்குங்கள், பெரியது என்ற குறியைச் சிறியது ஆக்குங்கள், ஓட்டுங்கள். சிவப்பு வரவில்லை என்றால் அந்தச் சோதனை உங்கள் குவெரியைப் பார்க்கவே இல்லை. எத்தனை சதவீத வரிகள் சோதனையில் ஓடின என்று மேலாளர்கள் கேட்கும் எண்ணைவிட இது எவ்வளவோ மேல். என் மூன்று பெயர்ச் சோதனை இருந்த நாளில் அந்தக் கோப்பு நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தது.

போன மாதம் என் பழைய நிரல் ஒன்றில் பதினோரு இடத்தில் இப்படிக் கெடுத்துப் பார்த்தேன். நான்கு இடத்தில் பச்சையாகவே இருந்தது. மூன்றுக்குச் சோதனை எழுதிவிட்டேன். நான்காவது, கடைசிப் பிரதியை இரண்டு கவுண்ட்டரில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குக் கொடுத்துவிடாமல் தடுக்கும் பூட்டு. பூட்டையே எடுத்துவிட்டாலும் சோதனை பச்சை. ஏனென்றால் என் சோதனையில் ஒரே ஒரு கவுண்ட்டர்தான் இருக்கிறது. இரண்டு இணைப்புகளைத் திறந்து, இரண்டும் உண்மையாகவே கமிட் செய்தால்தான் அந்த மோதல் வெளியே வரும். ஆகவே ரோல்பேக் உதவாது, குப்பையைக் கையால் அள்ள வேண்டும். எழுத ஆரம்பித்திருக்கிறேன், இன்னும் முடியவில்லை. இங்கே யாராவது அதைச் செய்திருந்தால் இப்போது எழுந்து சொல்லுங்கள், மைக்கைக் கொடுக்கச் சொல்கிறேன்.